நாகி யார்கிட்ட நடந்தான்

அந்த மெஷின்ல துணியைப் போடாதீங்கம்மா! அது காசை முழுங்கிட்டு சும்மா சுத்தும், சூடே வராது. இப்பதான் நான் ஏமாந்தேன். கதவைத் தொறந்து பாத்தா, போட்டப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே சொதசொதன்னு இருக்கு. ஓரத்துல இருக்கு பாருங்க, அதுல போடுங்க. அது நல்லது. ஆங், அதான். உக்காருங்க, உக்காருங்க. இந்த மழை எங்க விடப்போவுது?

என்ன அப்படிப் பாக்குறீங்க? ஆமா, எல்லாம் கொழந்தைத் துணிதான். என் வீட்டுது இல்லம்மா! இந்த வயசுல இத்தனை கொழந்தைக்கு நான் எங்க போவேன்! பகல்ல கொழந்தைங்களைப் பாத்துக்கற காப்பகத்துத் துணி. அங்க இருந்த ட்ரையர் உசுர விட்டுடுச்சு. வெயில் காலத்துல சாகாதே அது! மழைக்காலம் பாத்துதான் சாகும். உடனே என்ன, கூப்பிடு குஸகாபேயை, அதான் என்னை. கழுத்துத் துணி, படுக்கை விரிப்பு, வாய் தொடைக்கிற துண்டு, எல்லாத்தையும் மூட்டை கட்டு, குஸகாபே தலையில ஏத்து. ரயில்வேயில இருந்தவன்மா நான். இந்தக் கானாஸவா ஸ்டேஷன்ல என் விரலை நீட்டி, 'சரி, போகலாம்'னு நான் சத்தம் போட்டாதான் வண்டி நகரும். இப்ப பாருங்க, கேரட் கறை போயிருச்சான்னு வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டிருக்கேன்.

ஏன் இந்த நெலமைன்னு கேளுங்களேன். ...கேக்கலையா? பரவால்ல. சொல்றேன்.

ரிட்டயர் ஆனேன். வீட்ல உக்காந்தேன். அவ்வளவுதான் நான் பண்ண குத்தம். என் பொண்டாட்டி யசுயோ அடுப்புல மிஸோ சூப்பை வச்சிருந்தா. நான் போயி, 'கொதி வருது, தீயைக் குறை'ன்னு சொன்னேன். தப்பா? நீங்களே சொல்லுங்க. கொதிச்சா மிஸோ ருசி கெட்டுப்போகும், நல்லதுக்குத்தானே சொன்னேன்? கரண்டியைக் கீழ வச்சா. திரும்பினா. 'இந்த வீட்டுக்கு எந்த வண்டியும் வரல, இங்கேருந்து எந்த வண்டியும் கெளம்பல. நீங்க வேற எங்கயாவது போயி விசில் ஊதுங்க'ன்னா. மறுநாளே நகராட்சி ஆபீஸ்ல என் பேரைக் குடுத்துட்டு வந்துட்டா. கொழந்தைங்களைப் பாத்துக்க ஆள் பத்தலையாம். வயசானவங்க வந்தாலும் பரவால்லயாம். கொஞ்சம் படிச்சா போதுமாம், சேத்துக்குவாங்களாம்.

படிப்பாம்! வகுப்போட பேரு என்ன தெரியுமா? 'குழந்தைகளோடு பணிபுரிய அடிப்படை அறிவு.' அடிப்படை அறிவு! பொண்ணைப் பெத்து வளத்து கட்டிக்குடுத்தவனுக்கு அடிப்படை அறிவு! உள்ள போனா எல்லாம் பொம்பளைங்க. நான் ஒருத்தன்தான் ஆம்பளை. பாடம் எடுக்க வந்தவன் மீசை முளைக்காத பய. மூக்குக் கண்ணாடி மட்டும் பெருசு. கையில ஒரு ரப்பர் பொம்மை. அதுக்கு ஒவ்வொருத்தரா டயப்பர் மாத்தணுமாம். நான் மாத்தினேன். கழட்டறதுக்கு முன்னாடி அந்தப் பொம்மைகிட்ட, 'இப்ப மாத்தப் போறேன், சரியா?'ன்னு கேக்கணுமாம்! கேக்கலைன்னு எனக்கு மார்க்கு கொறைச்சான். பொம்மைம்மா! ரப்பர்!

அப்புறம் இன்னொண்ணு. கொழந்தை ஓடுச்சுன்னா 'ஓடாதே'ன்னு சொல்லக் கூடாது. 'நாம நடப்போமா'ன்னு சொல்லணும். ப்ளாட்பாரத்துல குடிச்சுட்டு ஓடறவன்கிட்ட நான் 'நாம நடப்போமா'ன்னு கேட்டிருந்தா அவன் தண்டவாளத்துல கெடப்பான். கொழந்தை அழுதா 'அழாதே'ன்னு சொல்லக் கூடாது. கீழ குந்தணும். கண்ணுக்குக் கண்ணு நேரா பாக்கணும். 'உனக்கு வருத்தமா இருக்கு, இல்ல?'ன்னு சொல்லணும். நான் கையைத் தூக்கினேன். 'ஐயா, கடைசி வண்டியை விட்டுட்டு ஒருத்தன் வந்து நிக்கிறான். நான் குந்திக்கிட்டு, உனக்கு வருத்தமா இருக்கு இல்லன்னு கேட்டா அவன் என்னை ஒதைக்க மாட்டானா?'ன்னேன். எல்லா பொம்பளைங்களும் சிரிச்சாங்க. அந்தப் பய சிரிக்கல. 'குஸகாபே-சான், ஒருநாள் கேட்டுத்தான் பாருங்களேன்'னான், 'சான்' போட்டு மரியாதையா. ஹூம். எனக்கு முட்டி வலி. குந்தினா எந்திரிக்கறதுக்கு ரெண்டு ஆள் வேணும். இது அடிப்படை அறிவுல இல்லையே!

சரி, எப்படியோ பாஸ் பண்ணிட்டேன். காப்பகத்துல சேத்தாங்க. அடேயப்பா, அங்க இருக்கற சட்டதிட்டம்... ரயில்வேயே தோத்துது போங்க. தூங்கற கொழந்தையை அஞ்சு அஞ்சு நிமிஷத்துக்குத் தொட்டுப் பாக்கணும். மூச்சு வருதா, குப்புறப் படுத்திருக்கா, திருப்பிப் போடு. நிம்மதியாத் தூங்குற கொழந்தையை எதுக்குய்யா திருப்பணும்னு கேட்டா, அமெமியா டீச்சர் மொறைப்பா. அவதான் எங்க வகுப்புக்குப் பெரிய டீச்சர். என் பொண்ணைவிட சின்னவ. மெதுவாத்தான் பேசுவா. சத்தம் போட்டாலாவது பதிலுக்கு நாமளும் போடலாம்ல? மெதுவாப் பேசறவகிட்ட என்னத்தப் பேசறது? சாப்பாட்டுத் தட்டு ஒவ்வொண்ணுலயும் பேரு. முட்டை ஆகாதவனுக்கு வேற கலர் தட்டு. அந்தத் தட்டைத் தூக்கி, பேரைச் சத்தமாப் படிச்சு, இன்னொருத்தர் 'ஆமா'ன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் வைக்கணும். அது மட்டும் எனக்குப் புடிச்சிருந்துச்சு, சொல்லிடறேன். அது எங்க ரயில்வே முறை. மத்ததெல்லாம் வெட்டி.

எல்லாத்துலயும் பெரிய வெட்டி என்ன தெரியுமா? கேளுங்க. கொழந்தை மொத தடவை எது செஞ்சாலும், காப்பகத்துல செஞ்சா, அதை அம்மா அப்பாகிட்ட சொல்லக் கூடாது!

ஆமாம்மா! நெஜமாத்தான்! மொத வார்த்தை பேசுது, சொல்லக் கூடாது. மொத அடி எடுத்து வைக்குது, மூச்சு விடக் கூடாது. 'இப்பவோ அப்பவோ நடந்துருவான் போல இருக்கு, வீட்ல கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க'ன்னு சொல்லணுமாம். சட்டமா எழுதி ஒட்டலை. ஆனா எல்லாரும் அப்படித்தான். அதாவது என்ன, பொய் சொல்லணும்! சம்பளம் வாங்கிக்கிட்டு பெத்தவங்ககிட்ட கூசாம பொய் சொல்லணும்! 'ஏன்?'னு கேட்டேன். அமெமியா டீச்சர் சொல்றா, 'மொத தடவை அவங்களோடது, குஸகாபே-சான். நாம எடுத்துக்கக் கூடாது.' எடுத்துக்கறதா? நான் என்ன திருடனா? வண்டி வந்துருச்சுன்னா வந்துருச்சுன்னு சொல்றதுதானே முறை? வரலைன்னு அறிவிச்சா வண்டி திரும்பிப் போயிருமா?

ஒரு பையன் இருந்தான். இன்னமும் இருக்கான், எங்க போயிட்டான். நாகின்னு பேரு. ஒரு வயசு தாண்டியிருக்கும். கன்னம் ரெண்டும் அவிச்ச மாவு உருண்டை. அவங்கம்மா தனியா இருக்கறவ. பேரு சொல்ல மாட்டேன். வீட்டு விஷயத்தை வெளிய பேசக் கூடாதுன்னு அதுக்கும் ஒரு பாடம் இருக்கு. அதனால பேரு வேணாம். பஸ் ஓட்டறா அந்தப் பொண்ணு. பெரிய பஸ். டவுன் பஸ். அவ்வளவு பெரிய வண்டியை அந்தத் துளியூண்டு பொம்பளை திருப்புறதைப் பாத்திருக்கேன், சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் திருப்புறா. ராத்திரி வீட்டுக்குப் போயி, அந்தப் பையனைச் சுவத்துல சாச்சு நிக்க வச்சு, போனைக் கையில வச்சுக்கிட்டு, 'வா, வா, அம்மாகிட்ட வா'ன்னு தெனமும் கூப்பிடுவாளாம். அவன் பொத்துனு உக்காந்துருவானாம். மறுநாள் காலையில வந்து சொல்லுவா. சொல்லிட்டுச் சிரிப்பா.

ஒரு நாள் இதே மாதிரி மழை. வெளிய கூட்டிட்டுப் போக முடியாது. நான் தரையில உக்காந்திருக்கேன். ஏன்னா எந்திரிக்க முடியல. ரெண்டு பேரு வந்து தூக்கணும், ரெண்டு பேருக்கும் கையில கொழந்தை. நாகி பொம்மை அலமாரியைப் புடிச்சுட்டு நிக்கிறான். என்னையே பாக்குறான். நான் ஒண்ணும் கூப்பிடலைம்மா, சத்தியமா. வெரலை மட்டும் நீட்டினேன், பழக்கம், 'முன்னால பாதை சரி'ன்னு காட்டுவோம்ல, அந்த மாதிரி. பய அலமாரியை விட்டான். ரெண்டு கையையும் பறக்கற மாதிரி விரிச்சுக்கிட்டு, வாயில எச்சில் ஒழுக, தத்தக்கா பித்தக்கான்னு... வந்துட்டான்மா. நேரா வந்து என் நெஞ்சுல விழுந்தான்.

நான் என்ன செய்யறது, சொல்லுங்க. கத்தினேன். தூங்கிட்டிருந்ததுல பாதி எந்திரிச்சு அழுதுச்சு. அமெமியா டீச்சரும் பாத்தா. அவ கண்ணுல தண்ணி. ஆனா மொத வார்த்தை என்ன சொன்னா தெரியுமா? 'குஸகாபே-சான், சாயங்காலம் சொல்லிடாதீங்க.' ஹும்! பாறாங்கல்லு.

சாயங்காலம் அந்தப் பொண்ணு ரெயின்கோட்டோட ஓடி வந்தா, தலையெல்லாம் தண்ணி சொட்டச் சொட்ட. நான் செருப்பு வைக்கிற எடத்துலயே நின்னேன். எனக்கு அடக்க முடியலைம்மா, அதான் உண்மை. 'இவாஸே-சான்! வாழ்த்துகள்! நாகி நடந்துட்டான்!'னேன். ஹால் முழுக்கக் கேட்டுச்சு.

...ஐயோ, பேரு சொல்லிட்டேனா? சரி விடுங்க, இவாஸேங்கறவங்க இந்த ஊர்ல ஆயிரம் பேரு இருப்பாங்க.

அவ என்ன பண்ணா? சிரிச்சா. குனிஞ்சு கும்பிட்டா. 'ரொம்ப நன்றி'ன்னா. பையனைத் தூக்கிக்கிட்டா. நான் அமெமியா டீச்சரைத் திரும்பிப் பாத்தேன், எப்படி, ஏதாச்சும் ஆச்சா, வானம் இடிஞ்சு விழுந்துச்சா, அப்படிங்கற மாதிரி. நாகியோட பை ஆணியிலயே தொங்குச்சு, மறந்துட்டுப் போயிட்டா. சரி நாமளே குடுப்போம்னு எடுத்துக்கிட்டு வெளிய போனேன். பாத்தா, சைக்கிள்ல பையனை உக்கார வச்சு, மழைக்கு மூடியெல்லாம் போட்டுட்டு, அந்தப் பொண்ணு மட்டும் நனைஞ்சுக்கிட்டு நிக்கிறா. ஏறவே இல்ல. ஹேண்டில்பாரைப் புடிச்சுட்டு சும்மா நிக்கிறா.

பையைக் குடுத்தேன். 'கையை விரிச்சுக்கிட்டா நடந்தான்?'னு கேட்டா. 'ஆமா, பறவை மாதிரி!'ன்னேன். பையை ஹேண்டில்பார்ல மாட்டிட்டு, 'யார்கிட்ட நடந்தான்?'னா.

நான் நெஞ்சைத் தட்டிச் சொன்னேம்மா. 'என்கிட்டதான்!'

என்ன, ஏன் அப்படி மூஞ்சி மாறுது உங்களுக்கு? நீங்களும் அமெமியா கட்சிதானா? கேட்டா, சொன்னேன். கேட்ட கேள்விக்குப் பதில்.

அதுக்கப்புறம் பாருங்க கூத்தை. ரெண்டு மூணு நாளா அந்தப் பொண்ணு வருவா, பையனை விடுவா, போவா. சிரிக்கறது நின்னுபோச்சு. பையன் எங்க எடத்துல நாள் பூரா நடக்குறான். எங்கிட்ட நடக்குறான், அலமாரிகிட்ட நடக்குறான், குப்பைத் தொட்டிகிட்டகூட நடக்குறான். வீட்டுக்குப் போனா பொத்துனு உக்காந்துருவானாம். லீவு போட்டு உக்காந்து கூப்பிட்டுப் பாத்தாளாம். தவழ்ந்துதான் வந்தானாம். அமெமியா டீச்சர் என்னைச் சமையக்கட்டுப் பக்கம் கூப்பிட்டு, எப்பவும்போல மெதுவா, சொல்றா. 'அவங்க பஸ் ஓட்டற வேலையை விடப்போறதாச் சொல்றாங்க, குஸகாபே-சான். எம் புள்ளைக்கு நான் யாரோ ஆயிட்டேன்னு சொல்றாங்க.'

நான் விட்டேனா? 'நடந்த பையனை நடந்தான்னு சொன்னதுக்கு ஒருத்தி வேலையை விட்டா, அவளுக்குத்தான் ஏதோ கோளாறு. அந்த லைசென்ஸ் வாங்க எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அந்த மாதிரி குறுகலான தெரு வளைவுல பஸ் திருப்ப இந்த ஊர்ல எத்தனை ஆம்பளைக்கு வரும்? அதை விட்டுட்டு எங்கயோ காய்கறிக் கடையில பில்லு போடப் போறாளாமா? புத்தி கெட்டவ!'ன்னு கத்திட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கல. யசுயோகிட்ட எல்லாத்தையும் கொட்டினேன். அவ மீன் முள்ளை எடுத்துக்கிட்டே கேட்டுட்டிருந்தா. நான் சொன்னேன், 'இந்தக் காலத்துப் பொம்பளைங்களுக்கு எதையும் தாங்க முடியல. நம்ம மிசாதோ நடந்தப்ப நான் பாக்கலையா? நீ பாக்கலையா? யாரு அழுதா?'

இது ஒரு பெரிய கதைம்மா எங்க வீட்ல. எம் பொண்ணு மொத மொதல்ல நடந்தது என்கிட்டதான். எனக்கு அன்னிக்கு லீவு. அப்பல்லாம் லீவே கெடைக்காது, ராவும் பகலும் மாத்தி மாத்தி டூட்டி. பாய்ல உக்காந்து பீர் ஊத்திக்கிட்டிருந்தேன். யசுயோ அந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினா. பொண்ணு நேரா எங்கிட்ட நடந்து வந்து, கிளாஸைத் தட்டி விட்டுச்சு. கல்யாணத்துல மாப்ள வீட்டுக்காரங்க முன்னாடி நின்னு இதைத்தான் பேசினேன். எல்லாரும் அழுதாங்க.

யசுயோ முள்ளைத் தட்டு ஓரத்துல வச்சா. 'அன்னிக்கா?'ன்னா.

'அன்னிக்குத்தானே!'

'அதுக்கு முன்னாடியே நடந்துட்டா. நீங்க டூட்டியில இருந்தீங்க. குளியல் ரூம்லேருந்து கூடத்துக்கு நடந்து வந்தா. நான் ஒருத்திதான் பாத்தேன். உங்க லீவு வரைக்கும் வாயைத் தொறக்கல. அன்னிக்குப் புள்ளையை எதுக்கு உங்களுக்கு எதிர்ல கொண்டுவந்து நிறுத்தினேன்னு நெனைச்சீங்க?'

அவ்வளவுதான் சொன்னா. சோத்தைப் போட்டு என் முன்னாடி வச்சுட்டு, அவ பாட்டுக்குச் சாப்பிட ஆரம்பிச்சுட்டா.

பாருங்கம்மா அநியாயத்தை! இத்தனை வருஷம்! எம் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயி, நான் மைக்கைப் புடிச்சு ஊரே கேக்கப் பேசறேன், இவ பக்கத்துல உக்காந்து கைக்குட்டையால கண்ணைத் தொடைக்கிறா, வாயைத் தொறக்கலையே! என்ன நெஞ்சழுத்தம்! மூஞ்சில ஒரு சுருக்கம் விழலையே! 'ஏன் அப்பவே சொல்லல?'ன்னு கேட்டேன். 'சொல்லியிருந்தா நீங்க பீரைக் குடிச்சுட்டுத் தூங்கியிருப்பீங்க'ன்னா. என்ன பொம்பளை! ...எனக்கு சோறு எறங்கல. கோவத்துலதான். வேற ஒண்ணும் இல்ல. கோவம்.

மறுநாள் சாயங்காலம். எல்லாரும் கொழந்தைங்களைக் கூப்பிட வர்ற நேரம். அந்த இவாஸே பொண்ணு வந்தா. இந்த நாகிப் பய, சரியா அந்த நேரம் பாத்து, அலமாரியை விட்டுட்டுக் கையை விரிக்கிறான்! நான் என்ன ஓட்டம் ஓடினேன்னு எனக்கே தெரியாது, இந்த முட்டியை வச்சுக்கிட்டு. லபக்னு தூக்கிட்டேன். ஓடக் கூடாதுன்னு சட்டம், அமெமியா டீச்சர் ஒண்ணும் சொல்லல. பையனைக் கொண்டுபோயி அவ கையில குடுத்தேன். எல்லாரும் இருக்காங்க. நான் சொன்னேன், 'இவாஸே-சான், அன்னிக்கு நான் சொன்னது தப்பு. இவன் நடக்கல. அலமாரியிலேருந்து சரிஞ்சான், நான்தான் கையைப் புடிச்சு இழுத்தேன். எனக்கு இதெல்லாம் பழக்கம் இல்ல. ஆசையில நடந்தான்னு சொல்லிட்டேன். இவன் இன்னும் நடக்கல.'

அந்தப் பொண்ணு என்னையே பாத்தா. 'பறவை மாதிரின்னு சொன்னீங்களே?'ன்னா. 'அதுவும் சேத்துச் சொன்னதுதான்'னேன்.

அப்ப வந்துச்சு பாருங்க ஏச்சு! அடேயப்பா! அவ்வளவு சாதுவான பொண்ணு, எங்கேருந்துதான் வந்துச்சோ! 'இதுல போயி யாராவது பொய் சொல்லுவாங்களா? நீங்க மனுஷந்தானா? நாலு நாளா நான் தூங்கல, தெரியுமா? கொழந்தைங்க விஷயத்துல இப்படி வாய்க்கு வந்ததைச் சொல்றவரை எப்படி வேலைக்கு வச்சிருக்கீங்க?' நேரா காப்பகத்துத் தலைமையம்மா ரூமுக்குப் போயிட்டா. அங்கேயும் போட்டுத் தாளிச்சா. நான் குனிஞ்சு நின்னேன். தலை தரையில படாத கொறைதான். நாப்பது வருஷ சர்வீஸ்ல என்னை ஒருத்தன் பொய்யன்னு சொன்னதில்லைம்மா. வண்டி லேட்டுன்னா லேட்டுன்னு சொன்னவன் நான். அன்னிக்கு, இடுப்புல சின்னத் துணி ஏப்ரன் கட்டிக்கிட்டு, ஏப்ரன்ல வேற முயல் படம், பொய்யன் பட்டம் வாங்கினேன்.

அமெமியா டீச்சர் பக்கத்துலயே நின்னா. அவ கண்ணால பாத்தவ. எனக்காக ஒரு வார்த்தை பேசலை! பேசவும் கூடாது. பேசியிருந்தா நானே அவ வாயைப் பொத்தியிருப்பேன். உதட்டைக் கடிச்சுட்டு நின்னா. எல்லாரும் போனதும் வந்து, என் முன்னாடி குந்தினா. நான் கீழ உக்காந்திருந்தேன்ல. கண்ணுக்குக் கண்ணு நேரா பாத்து, 'உங்களுக்கு வருத்தமா இருக்கு, இல்ல, குஸகாபே-சான்?'னா. எங்கிட்டயே அந்த வித்தையைக் காட்டறா! திமிரு! ...அழுகை வந்துருச்சும்மா எனக்கு. அந்த வித்தை வேலை செய்யுது, என்ன பண்ணச் சொல்றீங்க.

அந்த ஞாயித்துக்கிழமை பய வீட்ல நடந்துட்டான். அவங்கம்மாகிட்ட. திங்கக்கிழமை காலையில அந்தப் பொண்ணு வர்றா, மூஞ்சியைப் பாக்கணுமே, பத்து பஸ்ஸுக்கு ஹெட்லைட் போட்ட மாதிரி! எல்லாருக்கும் போன்ல காட்டுறா. சமையல்காரம்மாவுக்குக் காட்டுறா, சோயா பால் போட வந்தவனுக்குக்கூடக் காட்டுறா. கடைசியில எங்கிட்ட வந்தா. மூஞ்சியை இறுக்கமா வச்சுக்கிட்டு, 'குஸகாபே-சான், நீங்களும் பாருங்க. இதுதான் நடக்கறதுன்னா. தெரிஞ்சுக்கோங்க'ன்னா.

பாத்தேன். நான் தெனமும் பாக்கறதுதான், அதே கை, அதே எச்சில். படத்துல ஆள் தெரியல, அவ குரல் மட்டும் கேக்குது. 'வா, வா'ன்னு கூப்பிட்டுட்டே இருக்கா. படம் ஆட ஆரம்பிச்சுருச்சு. அப்புறம் கூரைதான் தெரியுது. நான் சொன்னேன், 'ஓ, இதுதானா நடக்கறது! வாழ்த்துகள். நான் இப்பதான் மொத தடவை பாக்குறேன்.' ரெண்டாவது தடவை வாழ்த்துச் சொன்னேன், அதே பையனுக்கு, அதே நடைக்கு.

அவ வேலையை விடல. ஓட்டிட்டுத்தான் இருக்கா. ஆனா எனக்கு? அவ மறந்தாலும் தலைமையம்மா மறக்கலையே! 'பெற்றோர் நம்பிக்கை'யாம். கொஞ்ச நாளைக்குக் கொழந்தைங்ககிட்ட வேணாம், துணியைப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. நான் உண்மையைச் சொன்னப்ப சும்மா இருந்தாங்க. பொய் சொன்னதுக்கு தண்டனை! அதுவும் எந்தப் பொய்யைச் சொல்லுன்னு சொல்லிக் குடுத்தாங்களோ, அதே பொய்! இது எந்த ஊரு நியாயம்? இதுவா அடிப்படை அறிவு? நான் வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா போதும், என் மானம் திரும்பி வந்துரும். தொறக்கலையே! வீட்ல யசுயோ கேட்டா, ட்ரையர் ரிப்பேர், அதனால அலையறேன்னு மட்டும் சொன்னேன். ஒரு உயிர்கிட்ட சொல்லல. உங்ககிட்டதான், சரி, யாரோ எவரோ, மழைக்கு ஒதுங்கினவங்க, உங்களுக்கு இவாஸேயைத் தெரியுமா, நாகியைத் தெரியுமா, காத்துல சொன்ன மாதிரிதான்னு...

உங்க மெஷின் நின்னுருச்சு போல. இருங்க, இருங்க, கதவு சூடா இருக்கும், நான் தொறக்கறேன். நல்லாக் காய்ஞ்சிருக்கே! சொன்னேன்ல, இதுதான் நல்ல மெஷின்னு. கீழ விழுது பாருங்க, ஏதோ வெள்ளையா... கை உறையா? அட, நாங்க ரயில்வேயில போட்ட மாதிரி டூட்டிக் கை உறை! இதைத் தொட்டு எத்தனை நாளாச்சு! நீங்களும் நம்ம ஆளா? எந்த ஸ்டேஷன்? மொதல்லயே சொல்லக் கூடாதா, நான் பாட்டுக்கு... ரயில் இல்லையா?

பஸ்ஸா.

எந்த... எந்த டெப்போம்மா?

...

ஓஹோ.

பொம்பளை டிரைவருங்க அங்க... நெறைய பேரு இருப்பீங்க, இல்ல? ஒருத்தரை ஒருத்தர் தெரியாத அளவுக்கு... அப்படியா. மூணே பேரா. ஒரே ரூம்லதான் துணி மாத்துவீங்களா. ஓஹோ. வீடியோ... உங்களுக்கும் காட்டினாங்களா. காட்டாம இருப்பாங்களா!

இருங்கம்மா. எங்க போறீங்க, இன்னும் மழை விடல. மடிச்சுட்டாவது போங்க. ஒரு நிமிஷம். நான் பேசினதை... நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கக் கூடாது. எனக்கு வயசாயிருச்சு. வாயைத் தொறந்தா என்ன வருதுன்னே தெரியாது. யசுயோவைக் கேட்டா அவளே சொல்லுவா. கதை கட்டுவேன், ஆளைப் புடிச்சு வச்சு கதை கட்டுவேன், பொழுது போகணுமே! அமெமியா பாத்தா, அழுதா, அதெல்லாம்... கதைங்க. குந்தினதும் கதைதான். தலைமையம்மா பண்ணது சரி. நான் பொய்யன், ஊருக்கே தெரியும், கேட்டுப் பாருங்க!

கொடையை விட்டுட்டுப் போறீங்க! இந்தாங்க! ...ஏம்மா, நில்லுங்களேன்! எதுக்குச் சிரிக்கிறீங்க? அழுகையா அது? மழையில ஒண்ணும் தெரியல எனக்கு. நல்லாக் கேட்டுக்கோங்க! அந்தப் பையன் எங்கிட்ட நடக்கல! வீட்லதான் நடந்தான்! ஞாயித்துக்கிழமை! அவங்கம்மாகிட்ட! அதுதான் மொத தடவை! கேக்குதா உங்களுக்கு? அவங்கம்மாகிட்டதான்!